கடவுச்சீட்டோடு கப்பலேறிய பாவைப்பிள்ளைகள்

1927ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி வரும் யப்பானியச் சிறுமியரின் பாவைத் திருநாளுக்கென்று அமெரிக்காவிலிருந்து 12,739 பாவைப்பிள்ளைகள் கப்பலேறின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கடிதம், ஒரு கடவுச்சீட்டு. ரிக்கற்றுக்கு 99 சதம், விசாவுக்கு 1 சதம். பாவைகள் கடையில் வாங்கியவைதாம். ஆனால் அவற்றின் சட்டைகளையும் உள்ளுடுப்புகளையும் பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் பிள்ளைகளும் தாய்மாருமே தைத்தார்கள். தையல் வகுப்பில் ஊசி குத்திய விரலோடு வீடு திரும்பிய எங்கள் பழைய மாணவிகளுக்கு அந்த உழைப்பு விளங்கும்.

இதற்கு வழிவகுத்தவர் சிட்னி கூலிக் என்ற பாதிரியார். யப்பானில் இருபது வருடங்களுக்கு மேல் பணிசெய்தவர். 1924இல் அமெரிக்கா யப்பானியரின் குடிவரவுக்குக் கதவை அடைத்தபோது அவர் மனம் நொந்தார். பெரியவர்களின் மனதை மாற்றமுடியாத நிலையில் பிள்ளைகளிடம் போனார். அவரை யப்பானுக்கு அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சபைதான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் ஆட்களை அனுப்பியது. 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை அமைத்ததும் அந்த மிஷனே. ஆகவே கூலிக் எங்களுக்கு முற்றிலும் அந்நியரல்லர்.

யப்பானிலே பாவைகளை வரவேற்று நாடெங்கும் பாடசாலைகளுக்குப் பகிர்ந்தளிக்க முன்னின்றவர் தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி. பதில் மரியாதையும் குறைவில்லை. ஏறத்தாழ 26 இலட்சம் சிறுமிகள் ஆளுக்கொரு சென் கொடுக்க, கைதேர்ந்த கலைஞர்கள் 58 பெரிய பாவைகளைச் செய்தார்கள். சிப்பித்தூள் பூசிய முகம், பட்டுக் கிமோனோ, கூடவே தேநீர்ச் சாமான்கள். அவை அமெரிக்க நகரங்களைச் சுற்றிவந்து பின்னர் நூதனசாலைகளில் தங்கின.

பிறகு போர் வந்தது. நாங்கள் இதை எழுதத் துணிந்தது இந்தப் பகுதிக்காகத்தான். 1943 அளவில் நீலக்கண் பாவைகள் எதிரியின் ஒற்றர்கள் என்று தூற்றப்பட்டன. பாடசாலை முற்றங்களில் பிள்ளைகளின் கண்முன்னே அவற்றை எரித்தார்கள்; மூங்கில் ஈட்டியால் குத்தவும் வைத்தார்கள். பாட்டுப்பாடி வரவேற்ற அதே முற்றங்கள்! எரித்த ஆசிரியர்களை மட்டும் குற்றஞ்சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. கட்டளைக்கு மாறாக நிற்பவரின் வேலையும் வீடும் என்னவாகும் என்பது போர்க்காலத்தில் பாடசாலை நடத்தியவர்களுக்குத் தெரியும்.

ஆயினும் சிலர் நின்றார்கள். துணியில் சுற்றி, அலுமாரியின் பின்னாலும் களஞ்சிய அறையின் மூலையிலும் கூரையின் கீழும் பாவைகளை ஒளித்துவைத்தார்கள். பலர் அதை யாரிடமும் சொல்லவில்லை. போர் முடிந்து பல வருடங்களின் பின்னர், பழைய கட்டடங்களைத் துப்புரவாக்கும்போதுதான் சில பாவைகள் வெளிவந்தன. இன்று முந்நூறுக்கு மேல் எஞ்சியுள்ளன. பன்னிரண்டாயிரத்தில் முந்நூறு சொற்பந்தான். ஆனால் அந்த முந்நூறும் தானாகத் தப்பியதல்ல. பெரும்பாலும் பெயர் தெரியாத ஆசிரியர் ஒருவர் எடுத்த முடிவு அதன் பின்னால் இருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போன யப்பானியப் பாவைகளையும் போர்க்காலத்தில் காட்சியிலிருந்து எடுத்து உள்ளே பூட்டினார்கள். அவற்றிலே நாற்பதுக்கு மேற்பட்டவை இருக்குமிடம் இன்று தெரியும்.

கூலிக்கின் பேரன் ஒரு கணிதப் பேராசிரியர். 1980களின் பிற்பகுதியில் அவர் மறுபடியும் யப்பானியப் பாடசாலைகளுக்குப் பாவைகளை அனுப்பத் தொடங்கினார். உடுப்புகளைத் தைத்தவர் அவர் மனைவி.