ஆலையிலேயே வேகம் கூட்டப்பட்ட வரைகலை அட்டைகள்

ஆலையில் ஓவர்க்ளாக் செய்யப்பட்ட வரைகலை அட்டை என்பது, சில்லு நிறுவனம் நிர்ணயித்த கடிகார வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் இயங்கும்படி அட்டைத் தயாரிப்பாளரே அமைத்து, உத்தரவாதத்துடன் விற்கும் கிராபிக்ஸ் கார்டு ஆகும். பெட்டியின் மேல் 'ஓசி' என்ற எழுத்துகளோடு வரும் இவ்வகை அட்டைகள் சாதாரண அட்டைகளைவிட விலை கூடியவை. அந்தக் கூடுதல் விலைக்கு எவ்வளவு பயன் கிடைக்கிறது என்ற கேள்விக்கான விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது.

சில்லும் அட்டையும்

என்விடியா, ஏஎம்டி ஆகிய நிறுவனங்கள் வரைகலைச் சில்லை வடிவமைக்கின்றன. ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், சோட்டாக், சஃபையர் போன்றவை அச்சில்லை வாங்கி, மின்சுற்றும் விசிறியும் சேர்த்து அட்டையாக்கி விற்கின்றன. சேஸிஸை ஒரு நிறுவனத்திடம் வாங்கி, நாமக்கல் பட்டறையில் பாடி கட்டும் லாரித் தொழிலுக்கு இது ஒப்பானது. இன்ஜின் ஒன்றுதான், வேறுபாடு கட்டுமானத்தில் இருக்கிறது.

ஒரே வார்ப்பில் வரும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. சில அதிக வேகத்தைத் தாங்கும், சில தாங்கா. தாங்குபவற்றைச் சோதித்துப் பிரித்து அதிக விலைக்கு விற்பது பழைய வழக்கம். 1999இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ3 சில்லை 143, 166, 183 மெகாஹெர்ட்ஸ் என மூன்று வேகங்களில் மூன்று பெயர்களில் விற்றது.

பயனர் கையிலிருந்து ஆலைக்கு

ஓவர்க்ளாக் முதலில் பயனர்களின் வேலையாகவே இருந்தது. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியை 450 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பலர் காசை மிச்சம் பிடித்தனர். ஆனால் இப்படிச் செய்யும்போது பழுதானால் பொறுப்பு பயனருடையது. 2000களில் அட்டைத் தயாரிப்பாளர்கள் அதே வேலையைத் தாமே செய்து, உத்தரவாதத்தையும் சேர்த்து விலை வைத்தனர். வாங்குபவர் வேகத்துக்கு மட்டுமன்றி, இழப்பு நேராது என்ற உறுதிக்கும் பணம் கொடுத்தார்.

2010ஆம் ஆண்டின் சர்ச்சை

இவ்வகை அட்டைகளை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி 2010 அக்டோபரில் வெளிப்படையாக வெடித்தது. அவ்வாண்டு ஜூலையில் என்விடியா வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 460 அட்டையின் இயல்பு வேகம் 675 மெகாஹெர்ட்ஸ். ஈவிஜிஏ நிறுவனம் அதே சில்லை 850 மெகாஹெர்ட்ஸில் ஓட்டும் எஃப்டிடபிள்யூ என்ற வகையை விற்றது. இது ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுதல்.

அக்டோபரில் ஏஎம்டி தன் ரேடியான் எச்டி 6870, 6850 அட்டைகளை வெளியிட்டபோது, அவற்றை எஃப்டிடபிள்யூ அட்டையோடு ஒப்பிடும்படி என்விடியா விமர்சகர்களைக் கேட்டுக்கொண்டது. ஆனந்த்டெக் இதழ் தன் வழக்கத்துக்கு மாறாக அந்த அட்டையைச் சேர்த்து, அதற்கான காரணத்தையும் எழுதியது. வாசகர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

கடையில் கிடைக்கும் பொருளை அதன் விலையோடு ஒப்பிடுவதில் தவறில்லை என்பது ஒரு தரப்பு வாதம். ஒரு தயாரிப்பாளரின் தேர்ந்தெடுத்த அட்டை அந்த வரிசை முழுவதற்கும் பிரதிநிதி ஆகாது என்பது மறுதரப்பு வாதம். இயல்பு வேக அளவீட்டையும் ஓசி அளவீட்டையும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டியதன் தேவையை இச்சர்ச்சை உணர்த்தியது.

தானாகக் கூடும் வேகம்

2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680 நிலைமையை மாற்றியது. அதன் அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ். மின்நுகர்வில் இடமிருந்தால் சில்லே தன் வேகத்தை உயர்த்திக்கொள்ளும். 2013இல் வெப்பநிலையும் இக்கணக்கில் முக்கிய இடம் பெற்றது. சாதாரண அட்டையே இயன்ற வரை ஓடத் தொடங்கியதால், ஆலை கூட்டித் தந்த வேகத்தின் மதிப்பு சுருங்கியது.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஏஎம்டி ஆர்9 290எக்ஸ் 95 பாகை செல்சியஸ் வரை சூடாகி, பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. நல்ல குளிர்விப்பானோடு வந்த பிற தயாரிப்பாளர்களின் அட்டைகள் அறிவித்த வேகத்தை நிலையாகக் காத்தன. பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட விசிறியும் வெப்பத் தகடுமே முக்கியம் என்பது இதில் தெளிவானது.

2018இல் என்விடியாவே ஓசி அட்டைகளை விற்றது. ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ சில்லின் அறிவித்த உச்ச வேகம் 1545 மெகாஹெர்ட்ஸ், தொடக்க விலை 999 டாலர். நிறுவனத்தின் சொந்த ஃபவுண்டர்ஸ் பதிப்பு 1635 மெகாஹெர்ட்ஸ், 1199 டாலர். வேகம் சுமார் 6 விழுக்காடும் விலை 20 விழுக்காடும் கூடின.

நம்பகம்

2016 ஜூனில், எம்எஸ்ஐ, ஆசுஸ் நிறுவனங்கள் விமர்சகர்களுக்கு அனுப்பிய சில அட்டைகள் கடையில் விற்பவற்றைவிடச் சற்றுக் கூடிய வேகத்தில் அமைக்கப்பட்டிருந்ததை டெக்பவர்அப் தளம் கண்டறிந்தது. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 விற்பனைக்கு வந்ததும், சில அட்டைகளில் வேகம் 2 கிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது விளையாட்டுகள் பாதியில் நின்றன. சில்லின் பின்புறமுள்ள மின்தேக்கிகள் குறித்துப் பேச்சு எழுந்தது. அம்மாத இறுதியில் என்விடியா தந்த புதிய டிரைவர் மென்பொருள் பெருமளவு சிக்கலைத் தணித்தது. எல்லையை ஒட்டி ஓட்டும் சில்லில் பிழைக்கு இடம் குறைவு என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மதிப்பிடும் முறை

சில்லின் மின்நுகர்வு வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் உயரும். வேகம், மின்னழுத்தம் இரண்டும் 5 விழுக்காடு கூடினால் மின்நுகர்வு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடும். ஆனால் நினைவகமும் செயலியும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், விளையாட்டில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. நொடிக்கு 60 படங்கள் காட்டிய இடத்தில் 62 அல்லது 63 படங்கள் கிடைக்கலாம். கண் அதை உணர்வது அரிது.

எனவே கூடுதல் விலையைக் கூடுதல் படங்களால் வகுத்துப் பார்ப்பது முதல் படி. எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாய் அட்டையின் ஓசி வகை 33,000 ரூபாய் என்றால் விலை 10 விழுக்காடு கூடுகிறது. பலன் 4 விழுக்காடு மட்டுமே எனில், வேகத்துக்காக அதை வாங்குவது இலாபமன்று. அதே தொகையில் அடுத்த நிலைச் சில்லோ, கூடுதல் நினைவகமோ கிடைக்கிறதா என்று பார்ப்பது இரண்டாம் படி.

சேலம், நாமக்கல் சமவெளியில்

விமர்சன அளவீடுகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுக்கப்படுகின்றன. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பகுதிகளில் கோடைப் பகல் 40 பாகையை ஒட்டிச் செல்வதுண்டு. அறை வெப்பம் எத்தனை பாகை கூடுகிறதோ, அட்டையின் வெப்பமும் கிட்டத்தட்ட அத்தனை பாகை கூடும். 25 பாகை அறையில் 70 பாகையில் ஓடும் அட்டை, 38 பாகை அறையில் 83 பாகையை எட்டும். ஜிடிஎக்ஸ் 1080 போன்ற அட்டைகளில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் இயல்பு எல்லையும் 83 பாகைதான். ஆலை கூட்டித் தந்த மெகாஹெர்ட்ஸ் அங்கே தானாகவே கழிந்துவிடும்.

இங்குள்ள விடுதி அறையில் மின்விசிறிக்குக் கீழே கணினி வைத்திருக்கும் பொறியியல் மாணவருக்கு, ஓசி அட்டையின் பெரிய வெப்பத் தகடும் கூடுதல் விசிறியும் அதன் வேகத்தைவிடப் பயன்தரும். அதே குளிர்விப்பானோடு ஓசி அல்லாத வகையும் விற்பனைக்கு இருந்தால், அதுவே சிக்கனமான தேர்வு. உத்தரவாதக் காலம், சேவை மையத்தின் தொலைவு ஆகியவையும் விலையின் பகுதிகளே. எஃப்டிடபிள்யூ அட்டையால் பெயர் பெற்ற ஈவிஜிஏ, 2022 செப்டம்பரில் வரைகலை அட்டைத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. ஏற்கெனவே விற்ற அட்டைகளுக்கான உத்தரவாதம் தொடரும் என்றும் அந்நிறுவனம் அப்போது கூற வேண்டியிருந்தது.