ஞாயிற்றின் கணக்கு

ஒவ்வொரு செக்கனும் ஞாயிறு ஏறத்தாழ 40 இலட்சம் தொன் திணிவை ஒளியாக்கி இழக்கின்றது. ஐதரசன் அணுக்கருக்கள் நான்கு இணைந்து ஓர் ஈலியக் கருவாகுங்கால் நூற்றுக்கு 0.7 பங்கு திணிவு குறைவதே காரணம். 460 கோடி ஆண்டுகளின் மொத்த இழப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கே. மையத்திலோ ஐதரசன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இக்கணக்கிற்கு அடியிட்டவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. ஞாயிறும் பூமியும் ஒத்த பொருள்களால், ஒத்த அளவில் ஆனவை என அறிஞர் கருதிய காலம் அது. ஞாயிற்றில் ஐதரசனே மிகுதி என 1925இல் செசீலியா பேய்ன் கண்டார். பிரின்ஸ்டன் பேராசிரியர் ரசல் அதனை மறுக்கவே, தம் முடிபு பெரும்பாலும் மெய்யன்று எனத் தம் ஆய்வேட்டிலேயே அவர் எழுதவேண்டியதாயிற்று. பதவியின் சொல்லுக்கு முன் நிறமாலையின் சான்று தலைகுனிந்தது! 1929இல் ரசல் வேறு வழியில் அதே முடிபை அடைந்தார். 1939இல் பெத்தே கருச்சேர்க்கையின் முறையை விளக்கினார். ஹார்வர்ட் சர்வகலாசாலை பேய்னைப் பேராசிரியராக்கியது 1956இல்.