ஊட்டத்தூர் இருட்டில் ஒரு கண்ணாமூச்சி

காரைப் பக்கம் கடல் புதைபடிவம் பார்க்கப் போய், பொழுது சாய்ஞ்சதுல நானும் நண்பரும் வழி தப்பிட்டோம். மழை அரிச்ச பள்ளம், ஏறினா இன்னொரு பள்ளம். கையில மொபைல் வெளிச்சம் மட்டும். ஆடு ஓட்டிட்டு வந்த தாத்தா ஒருத்தர் "அங்கிட்டுப் போகாதீங்க தம்பி, ஓடைதான்"னு திருப்பி விட்டார். அப்போ ஞாபகம் வந்தது, பக்கத்து ஊட்டத்தூருக்கு ராத்திரியில படை நடத்தின ராபர்ட் கிளைவ் கதை.

1752 ஏப்ரல். திருச்சியை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சு தளபதி லா, ஸ்ரீரங்கம் தீவில் இருந்தார். அவருக்கு உதவிப்படை பாண்டிச்சேரியிலிருந்து பெரம்பலூர்ப் பக்கமாத்தான் வரணும். கொண்டு வந்தவர் தொத்தேய். வழியை மறிச்சு சமயபுரத்தில் கிளைவ்.

தொத்தேய் ஊட்டத்தூரை நெருங்கிட்டார்னு கேட்டு, கிளைவ் ராத்திரியோட ராத்திரியா கிளம்பினார். விஷயம் தெரிஞ்சு தொத்தேய் பின்வாங்கிட்டார். நம்மள இழுத்து விடுற தந்திரமோன்னு சந்தேகப்பட்டு கிளைவ் அவசரமா சமயபுரத்துக்கே திரும்பிட்டார். லாவுக்கோ பாதிச் செய்திதான் போச்சு: கிளைவ் கிளம்பியாச்சு. திரும்பினது தெரியாது! காலியான முகாம்னு நினைச்சு 80 ஐரோப்பியர், 700 சிப்பாய்களை அனுப்பினார்.

அந்த 80 பேர்ல 40 பேர் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிப் போனவங்க. காவல்காரன் "யாரது?"ன்னு கேட்டப்ப ஆங்கிலத்திலேயே, லாரன்ஸ் அனுப்பின உதவிப்படைன்னு பதில் வந்தது. உள்ளே விட்டுட்டாங்க. கிளைவ் படுத்திருந்த சத்திரத்துல குண்டு பாய்ஞ்சு பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரர் செத்தார். கிளைவ் வெளியே ஓடி, தன் சிப்பாய்கள்தான் பயந்து சுடறாங்கன்னு நினைச்சு, எதிரி சிப்பாய்களுக்கு நடுவுல நின்னு "சுடாதீங்க"ன்னு அதட்டினாராம்! வாள் வெட்டு விழுந்த பிறகுதான் யாரோட நிக்கறோம்னே புரிஞ்சுது. பள்ளத்துல தடுமாறினப்ப நாங்க தொலைச்சது வழியை மட்டும்தான். அவருக்குப் பக்கத்துல நிக்கறவன் யாருன்னே தெரியலை. தாத்தா மாதிரி ஒரு ஆளும் இல்லை.

கடைசியில் கோயிலுக்குள்ள ஒதுங்கின பிரெஞ்சுப் படை விடிஞ்சதும் சரணடைஞ்சது. சில வாரங்களில் தொத்தேய் மறுபடி வந்தார். கிளைவ் துரத்தவும் வாலிகண்டபுரம் வரை ஓடினார். அங்கே இருந்த கோட்டைக்காரர் உள்ளே விடவில்லை. பூட்டின கோட்டைக்கும் கிளைவுக்கும் நடுவே மாட்டிக்கிட்டு தொத்தேய் ஆயுதத்தைக் கீழே போட்டார். அதோட லாவுக்கு வர வேண்டிய உதவியும் போச்சு. ஜூனில் அவரும் ஸ்ரீரங்கத்தில் சரணடைஞ்சார்.