வீரசோழபுரத்துச் செம்பு

கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொடும் இடத்தில் ஒரு பொற்கதை உண்டு. மனைவி பரவை நாச்சியாருக்காகப் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் இந்த ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். கெட்டிக்காரர், ஆற்றில் போடுமுன் மாதிரிக்கு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு! மறுபடி பாடித்தான் சரிசெய்தார் என்கிறது பெரியபுராணம்.

கலப்படத்தை இத்தனை கவனமாகப் பார்த்த அந்தத் தம்பதிக்கே கலப்பு உலோகத்தில் ஒரு திருமேனி அமைந்தது. கள்ளக்குறிச்சி வட்டம் வீரசோழபுரம் சிவன் கோயிலில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டு, விஜயநகரக் காலத்து வார்ப்பு. சுந்தரர் பிறந்த திருநாவலூரும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான்.

செப்புத் திருமேனி என்போமே தவிர, தனிச் செம்பில் வார்ப்பது பெரும்பாடு. 1,085 டிகிரியில்தான் உருகும். உருகியதும் வாயுக்களை உள்ளிழுத்து, இறுகும்போது வெளியே விடும், வார்ப்பெல்லாம் பொத்தல். கருவுக்குள் விரல் நுனிவரை ஓடவும் மறுக்கும். பத்து சதவீதம் வெள்ளீயம் சேர்த்தால், ஏறத்தாழ 1,000 டிகிரியிலேயே முழுதாக உருகிவிடும். வெள்ளீய அணு செம்பணுவைவிடப் பெரியது. செம்பின் படிக அடுக்கில் நுழைந்து அதை நெளித்துவிடும்; நெளிந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று லேசில் வழுக்காது. வெண்கலத்தின் கடினம் அதில்தான் இருக்கிறது. ஆனால் செம்பு கரைத்துக்கொள்ளும் வெள்ளீயத்துக்குச் சுமார் 15 சதவீதம் என்று வரம்பு உண்டு. அதை நெருங்க நெருங்க, நொறுங்கும் குணமுள்ள இன்னொரு சேர்மம் உள்ளே பெருகும்.

காரீயம் வேறு சாதி. இறுகிய செம்பில் அது கரைவதே இல்லை. படிகங்களுக்கு இடையே பொட்டுப்பொட்டாக ஒதுங்கிக் கிடக்கும். வலு சேர்க்காது. ஆனால் வார்க்கும்போது ஓட்டம் கொடுக்கும், ஸ்தபதி புருவமும் ஆடை மடிப்பும் வெட்டும்போது உளிக்கு இணங்கும். தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்த 130 தென்னிந்தியத் திருமேனிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் காரீயம் சேர்ந்த வெண்கலம். அவற்றில் வெள்ளீயம் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. அணுவைப் பற்றி யாரும் சொல்லித்தராமலே மூசையடியில் கண்டுபிடித்த எல்லை அது.

பக்தர்கள் மூசையில் போடும் பொட்டுத் தங்கத்தால் உலோகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது; போட்டவர் மனது நிறையும், அவ்வளவுதான். வெள்ளியை அப்படித் தள்ளிவிட முடியாது. 0.1 சதவீதம் இருந்தாலே செம்பு சூட்டில் சீக்கிரம் இளகாது, மின்சாரம் கடத்துவதும் குறையாது. அதைவிடக் குறைவான பாஸ்பரஸ், வெறும் 0.04 சதவீதம், கடத்தலில் ஐந்தில் ஒரு பங்கையாவது தின்றுவிடும். பிஸ்மத் இன்னும் பொல்லாதது. 0.01 சதவீதம் போதும்; படிக எல்லைகளில் மெல்லிய படலமாகப் படர்ந்து செம்பை விரிசல் விடவைக்கும். எவ்வளவு கலந்தது என்பதோடு எங்கே போய் உட்கார்ந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

திருமேனிக்கு வருவோம். 1956இல் கோயிலில் அதைப் படம் பிடித்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் அந்தப் படம் இருக்கிறது. பிறகு சிலை ஊரைவிட்டே போனது. 1987இல் கலைச் சேகரிப்பாளர் ஆர்தர் சாக்லர் அளித்த சுமார் 1,000 கலைப்பொருள்களில் ஒன்றாக வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது. கடல்கடந்த இந்தத் தம்பதியைத் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அடையாளம் காட்டியது.

உலோகமும் சாட்சி சொல்லும். காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுபடுவதால், சாரதா அதைக் கொண்டு சிலைகளைக் காலவாரியாகப் பிரித்தார். ஆனால் எந்தக் கோயில் என்று காரீயம் சொல்லாது. அதற்கு அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் உதவியது. 2026 ஜனவரியில் அருங்காட்சியகம் இந்தத் தம்பதியையும் சேர்த்து மூன்று சிலைகளை இந்தியாவுக்குத் திருப்பி அளிப்பதாக அறிவித்தது. அவற்றில் ஒன்றான நடராஜர் மட்டும் நீண்டகாலக் கடனாக அங்கேயே காட்சிக்கு இருப்பார்.