ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்

சென்னை தரமணியில் சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்தில் இயங்கும் தமிழ் ஆவண நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தனியொருவராக நாற்பது ஆண்டுகள் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் துண்டுத்தாள்களையும் கருவாகக் கொண்டு 1994இல் உருவானது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் இத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கியது; ஆனால் கப்பலேற்றவில்லை. வாங்கியவர் நாட்டுக்குப் போகாமல், மொழி பேசப்படும் ஊரிலேயே தொகுப்பு தங்கியது. ஒரு பல்கலைக்கழகம் தன் அரிய தொகுப்பை எப்படித் திட்டமிட்டுக் காக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் ஆகச் சிறந்த விடை இந்த நூலகம்.

அந்த முடிவின் அருமை, அதற்கு முன் தமிழகத் தொகுப்புகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் விளங்கும். தென்னிந்தியாவில் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர்க்கதைகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி 1821இல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவர் மனைவியிடமிருந்து அத்தொகுப்பை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. பிறகு அது பிரிந்தது: ஒரு பகுதி லண்டனுக்குப் போனது, ஒரு பகுதி சென்னைக்கு வந்து அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளமாயிற்று. ஒரே கிராமத்தைப் பற்றிய குறிப்புகளைத் தேடுபவர் இன்றும் இரண்டு கண்டங்களின் பட்டியல்களைப் புரட்டத்தான் வேண்டும். உ. வே. சாமிநாதையரின் சேகரத்துக்கு நல்ல வேளை வாய்த்தது. அவர் 1942இல் மறைந்த மறு ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் அவர் பெயரால் ஒரு நூலகம் தொடங்கினார். அது இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதை வேறு. 1981 மே 31 இரவு வைக்கப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அவற்றில் பலவற்றுக்கு உலகில் வேறு படி கிடையாது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எதுவானாலும் அதன் ஆயுள் ஒரு தீக்குச்சியின் கையில் இருக்கிறது என்பதைத் தமிழ் நூலகத் துறை அன்று மிகக் கொடிய விதத்தில் கற்றுக்கொண்டது.

சட்டமும் எல்லாவற்றையும் காப்பதில்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் நான்கு நூலகங்களுக்கு வந்தாக வேண்டும். 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகம் அவற்றில் ஒன்று. பின்னர் நாளிதழ்களும் பருவ இதழ்களும் இச்சட்டத்தில் சேர்ந்தன. நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், தேர்தல் துண்டறிக்கை ஆகியவை நடைமுறையில் இச்சட்டத்தின் வழியே நூலகங்களுக்கு வருவதில்லை. முத்தையா நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

முத்தையா கல்லூரி ஆசிரியர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் கடையின் பெயரிலிருந்து வந்ததே 'ரோஜா' என்ற அடைமொழி. 1950 வாக்கில் சேகரிக்கத் தொடங்கிப் பழைய புத்தகக் கடைகளிலும் தனியார் வீடுகளிலும் கிடைத்ததையெல்லாம் கோட்டையூருக்குக் கொண்டுபோனார். இலக்கணம், சமயம், சித்த மருத்துவம் என்று அறிஞர்கள் மதித்தவற்றோடு அவர் நிற்கவில்லை. கொலைச் செய்தியையும் வெள்ளச் சேதத்தையும் தலைவர் கைதானதையும் பாட்டாகக் கட்டி மலிவுத் தாளில் அடித்துத் தெருவில் விற்ற குஜிலிப் புத்தகங்களையும் அதே அக்கறையோடு எடுத்துவைத்தார். நாளிதழ்களிலிருந்து செய்திகளை நறுக்கிப் பொருள்வாரியாகக் கோத்தார். ஆய்வாளர்கள் காரைக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கோட்டையூர் சென்று அவருடைய வீட்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். எது அரியது என்று முன்கூட்டித் தீர்மானிக்க மறுத்ததே அவருடைய மேதைமை. புலவர் நூல்களை மட்டும் சேர்த்தவர்கள் விட்டுச்சென்ற தொகுப்புகளைக் கொண்டு இலக்கிய வரலாறு எழுதலாம். மக்கள் எதைப் படித்தார்கள், எதைப் பாடினார்கள் என்று எழுத முடியாது. பிற்காலத்தில் குஜிலி நூல்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'முச்சந்தி இலக்கியம்' போன்ற ஆய்வுகள் எழ முடிந்ததற்குக் காரணம், அத்தகைய தாள்களை யாரோ சிலர் எறியாமல் வைத்திருந்தது.

1992இல் முத்தையா காலமானார். அச்சுத் தமிழின் ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் ஒரு வீட்டில் இருந்தன. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இலேயே எரிந்துவிட்டிருந்தது. சென்னையின் பழைய புத்தகச் சந்தை முன்போல இல்லை. கலைந்தால் மீண்டும் சேர்க்க வழியில்லை.

சிகாகோ இதில் வந்த காரணமும் சொல்லத்தக்கது. அமெரிக்கா இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. பி.எல். 480 எனப்பட்ட அந்த ஏற்பாட்டில் சேர்ந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்காக இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டன. சிகாகோவின் தமிழ்த் தொகுப்பு இப்படி வளர்ந்தது. சங்கப் பாடல்களை ஆங்கிலமாக்கிய ஏ. கே. ராமானுஜன் 1993இல் மறையும்வரை அங்குதான் கற்பித்தார். ஆனால் அந்தத் திட்டம் கொண்டுவந்தது பெரும்பாலும் புதிய நூல்களை; 19ஆம் நூற்றாண்டின் நூல்களும் இதழ்களும் எங்கும் முழுமையாக இல்லை. அப்பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூலகர் ஜேம்ஸ் நை முன்னின்று முத்தையாவின் சேகரத்தை வாங்க ஏற்பாடு செய்தார்.

வாங்கியபின் செய்தவற்றில்தான் திட்டமிடல் இருக்கிறது. தொகுப்பைப் பிரிக்கவில்லை. சென்னையில் 'மொழி' என்ற அறக்கட்டளையிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். முகப்பேரில் இடம் பார்த்து, தாள்களைத் தூசுதட்டி, பூச்சி நீக்கி, அட்டவணைப்படுத்தி, 1996இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். நகல் மட்டும் கடல் கடந்தது. பின்னாளில் நூலகத்தின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை அமைந்தது. இடமும் தரமணிக்கு மாறியது. தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் துறை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற சு. தியடோர் பாஸ்கரன் 1998 முதல் 2001 வரை இயக்குநராக இருந்தார். விடுதலைப் போராட்டக் கால நாடகத்தையும் சினிமாவையும் ஆராய்ந்து 1981இல் நூல் வெளியிட்டவர் அவர். பாட்டுப் புத்தகத்தின் மதிப்பை அறிந்த ஒருவர் பாட்டுப் புத்தகங்கள் நிறைந்த நூலகத்துக்குத் தலைவரானது பொருத்தமே.

எதை முதலில் நகலெடுப்பது என்ற முடிவைத் தாளே எடுத்தது எனலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுத் தாள் பரவியது. அதிலுள்ள அமிலம் நாளடைவில் இழைகளைத் தின்று, பக்கம் மஞ்சளாகி, மடித்தால் ஒடியும் நிலைக்கு வருகிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் ராமபாணப் பூச்சியும் இதனோடு சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. இருநூறு ஆண்டு கண்ட ஓலைச்சுவடி நிலைத்திருக்க, 1930களின் வார இதழ் உதிர்வது இதனால்தான். நூலகம் முதலில் நம்பியது நுண்படச் சுருளை. முறையாகக் குளிரூட்டி வைத்தால் நுண்படம் 500 ஆண்டு தாங்கும் என்பது துறையின் மதிப்பீடு. மூலச்சுருளை யாரும் தொடாமல் பூட்டிவைத்து, அதிலிருந்து எடுத்த படியையே வாசகருக்குக் கொடுப்பது முறை. கணினி வந்தபின் மின்வருடல் சேர்ந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு பழைய தமிழ் நூல்களும், தமிழ்நாடு, புதுச்சேரியின் பழைய இதழ்களும் படமாக்கப்பட்டன. அவற்றில் எல்லாமே நூலகத்துக்குச் சொந்தமானவை அல்ல. உரியவர் கையிலேயே மூலத்தை விட்டுவிட்டு நகலை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தால் தொகுப்பு பல மடங்கு பெரிதானது.

அட்டவணை வேலையின் கடினம் வெளியே தெரிவதில்லை. பழைய தமிழ் நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. 'சர்வசித்து' என்றால் 1887ஆ, 1947ஆ? அறுபது ஆண்டு இடைவெளியைத் தாளும் எழுத்துருவும் அச்சகத்தின் பெயரும் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஒரே புலவர் ஒரு நூலில் ஊர்ப்பெயரோடும் மற்றொன்றில் பட்டப்பெயரோடும் வருவார். இவற்றை அவிழ்த்து எழுதிய அட்டவணைக்காரர்களின் உழைப்பு எந்த ஆய்வேட்டின் முகப்பிலும் இடம்பெறுவதில்லை. அது இல்லாமல் எந்த ஆய்வேடும் இல்லை.

2007இல் சிந்துவெளி எழுத்தாய்வாளர் ஐராவதம் மகாதேவன் முயற்சியில் இங்கே சிந்துவெளி ஆய்வு மையம் தொடங்கியது. சிந்து முதல் வைகை வரையிலான பண்பாட்டுப் பயணத்தை ஆராயும் ஆர். பாலகிருஷ்ணனின் நூலை 2019இல் நூலகமே வெளியிட்டது. அச்சுத் தமிழைக் காக்க வந்த நிறுவனம் இவ்வளவு தூரம் கை நீட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நீட்டியது நல்லதே என்பது இக்கட்டுரையாளர் கருத்து: ஆராய்ச்சி நடக்காத தொகுப்பைத் தேடி நன்கொடையாளரும் வருவதில்லை, சேகரிப்பாளரும் வருவதில்லை.

தொகுப்பு இன்று மூன்று லட்சம் உருப்படிகளைத் தாண்டிவிட்டது. ஆனாலும் வெளியே இருப்பது மிகுதி. மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா சாலையை ஒட்டிய தெருக்களில் பழைய தனிவீடு இடிந்து அடுக்ககம் எழும்போது, வார இதழ்களிலிருந்து கிழித்து ஓவியத்தோடு பைண்டு செய்த தொடர்கதைகள் பரணிலிருந்து இறங்குகின்றன. நூல் வடிவில் வந்தபோது அந்த ஓவியங்களும் விளம்பரங்களும் விடுபட்டுவிட்டன. ஆகவே பைண்டு தொகுதியே முதன்மை ஆவணம். பழைய பேப்பர்க்காரரின் தராசுக்கு முன் அதை நூலகம் எட்டுவதற்கு, குடும்பங்கள் ஒரு தொலைபேசி அழைப்பு செய்தால் போதும்.

நகலெடுத்ததை எல்லாருக்கும் திறப்பதில் பதிப்புரிமை குறுக்கே நிற்கிறது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த பிறகே படைப்பு பொதுவாகும். தமிழ்நாட்டில் இதற்கு வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒரு வழி உண்டு. 1949இல் பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசு பெற்றதிலிருந்து வளர்ந்த நாட்டுடைமை முறையில், வாரிசுகளுக்குத் தொகை கொடுத்துப் படைப்புகள் பொதுவாக்கப்படுகின்றன. பெயர்பெற்ற எழுத்தாளர்களுக்கு அது உதவும். வார இதழ்களில் பெயரில்லாமலும் புனைபெயரிலும் எழுதியவர்களை நாட்டுடைமைப் பட்டியல் எட்டாது. அத்தகையவற்றுக்கு, எழுதியவர் யாரென வெளிப்படாதவரை, வெளியான ஆண்டிலிருந்தே 60 ஆண்டுகள் எண்ணப்படும். எனவே ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் அவ்வகை எழுத்தில் மேலும் ஓராண்டு பொதுவுக்கு வருகிறது. நூலகங்கள் தங்கள் மின்வருடல் வரிசையை இந்த நாட்காட்டியோடு பொருத்தி வகுக்க வேண்டும்.