பெற்றோல் இல்லாத காலத்துச் சைக்கிள்

2022 ஜூன், ஜூலை மாதங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் சந்தி தாண்டி வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்குப் பக்கத்தால் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கும். கோடிப்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த பழைய லுமாலாக்கள் எல்லாம் திரும்ப வெளியில் வந்தன. சைக்கிள் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. அரச உத்தியோகத்தர், ஆசிரியர், கம்பஸ் பிள்ளைகள் எண்டு எல்லாரும் உழக்கிச்சினம். "இனி இதுதான், காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது" எண்டு கன பேர் சொன்னவை.

கொஞ்சக் காலத்தில் அந்தச் சைக்கிள்களில் முக்கால்வாசி திரும்பவும் கோடிப்பக்கம் போய்விட்டன.

ஏன்? "எங்கட சனம் சோம்பேறியள்" எண்டு சொல்லிப்போட்டுப் போறது சுகம். ஆனால் அந்தப் பதில் வரலாற்றுக்குப் பொருந்தாது. இதே சனம் முப்பது வருசத்துக்கு முதல் ஒரு முழுக் குடாநாட்டையே சைக்கிளில் நடத்திக் காட்டியது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். பெற்றோல் இல்லாமல் போனால் சைக்கிள் வருகிறது, சரி. பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சைக்கிள் நிலைக்கிறதுக்கு என்ன வேணும்?

தடைக்காலம்

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. அதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எண்டு தடைசெய்யப்பட்ட சாமான்களின் பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றுபோனது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அந்த மண்ணெண்ணெயும் பங்கீட்டில்தான். விளக்குக்கு வேணும், அடுப்புக்கு வேணும், தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க வேணும். அதை வாகனத்துக்கு ஊற்றக்கூடிய வீடுகள் எத்தனை இருந்திருக்கும்?

அப்ப மிச்சமிருந்தது சைக்கிள். விறகு சைக்கிளில் வந்தது. தேங்காய், மரக்கறி, மீன் எல்லாம் சைக்கிளில் சந்தைக்குப் போயின. நோயாளியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெடியள், பெட்டையள் எண்டு பேதமில்லாமல் ரியூசனுக்கு உழக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் தனியச் சைக்கிளில் போவது எவருக்கும் புதினமாகத் தெரியவில்லை.

சைக்கிளின் வேலை வீதியோடு முடியவில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு ஒருவர் உழக்க, அதன் டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். சுற்றி இருந்து ஒரு கூட்டம் பிபிசி தமிழோசை கேட்கும். செய்தி முடியும் வரைக்கும் உழக்குகிறவர் நிப்பாட்டக்கூடாது! இந்தக் கதையை எங்கள் வயதுக்காரர் அநேகமாக எல்லாரும் வீட்டில் கேட்டு வளர்ந்திருப்போம். அம்மா இதைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்துத்தான் சொல்லுவா.

ஆனால் சிரிக்க முடியாத பக்கமும் இருக்கு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான சனம், மழை, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரேயொரு பாதை. அந்த நெரிசலில் சைக்கிளை ஓட முடியாது. பொதிகளைக் கட்டி, குழந்தைகளை ஏற்றி, உருட்டிக்கொண்டுதான் போனார்கள். திரும்பி வந்த பிறகு இராணுவக் கட்டுப்பாட்டு யாழ்ப்பாணம். ஒவ்வொரு சென்றிப் பொயின்ரிலும் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையைக் காட்டி, பிறகு ஏற வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் இறங்கி ஏறியிருப்பார்கள்!

இந்த விஷயத்தைத்தான் நாங்கள் "அந்தக் காலம் எல்லாரும் சைக்கிள்தான்" எண்டு பெருமையாகக் கதைக்கும்போது விட்டுவிடுகிறோம். அந்தத் தலைமுறை சைக்கிளைத் தெரிவுசெய்யவில்லை. மற்ற எல்லாத்தையும் பறித்த பிறகு மிஞ்சினது அது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஞாபகங்கள் தடை, இடப்பெயர்வு, சோதனைச்சாவடி. 2002இல் சமாதானம் எண்டு வந்து, தடை தளர்ந்து, ஏப்ரலில் ஏ9 பாதையும் திறந்தபோது சனம் மோட்டார் சைக்கிள் வாங்கியதில் என்ன அதிசயம்? 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட, தட்டுப்பாடு திரும்ப வந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு காப்பெட் வீதியும் லீசிங் கொம்பனிகளும் சேர்ந்து வந்தன. முதல் சம்பளத்தோடு ஒரு மோட்டார் சைக்கிள் எடுப்பது, "இனி நான் இறங்கி உருட்டத் தேவையில்லை" எண்டு சொல்வதைப் போலவும் இருந்திருக்கும்.

கியூபாவிலும் இதேதான்

யாழ்ப்பாணம் தடைக்குள் இருந்த அதே வருசங்களில் உலகத்தின் மற்றப் பக்கத்தில் ஹவானாவும் சைக்கிளுக்கு மாறியது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. கியூபாவுக்கு மலிவாக வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. அமெரிக்கத் தடை ஏற்கெனவே இருந்தது. அரசாங்கம் சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை இறக்கி, தொழிலாளருக்கும் மாணவருக்கும் மலிவு விலையில் கொடுத்தது. ஹவானா வளைகுடாவுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையைச் சைக்கிளோட்டிகள் கடக்க, இருக்கைகளைக் கழற்றிய பஸ்களைக்கூட விட்டார்கள். சைக்கிளோடு ஏறி, சைக்கிளோடு இறங்கலாம்.

வடக்கில் இருந்ததைவிட இது பெரிய ஏற்பாடு. ஒரு அரசாங்கமே பின்னால் நின்றது. ஆனாலும் எண்ணெய் திரும்பக் கிடைக்கத் தொடங்க, ஹவானாவின் சைக்கிள்கள் குறைந்தன. அந்தக் காலத்தைக் கியூபர்கள் "சிறப்புக் காலம்" எண்டு சொல்கிறார்கள். அது சாப்பாடு குறைந்து சனம் மெலிந்த காலம். பசி வயிற்றோடு உழக்கின சைக்கிளை வயிறு நிரம்பின பிறகும் ஆசையோடு ஏறுவது லேசில்லை. எங்கட அம்மா அப்பாக்களுக்கும் ஹவானாக்காரருக்கும் இந்த இடத்தில் ஒரு உறவு இருக்கு.

நெதர்லாந்து ஏன் வேறமாதிரிப் போனது?

சைக்கிள் எண்டாலே நெதர்லாந்து எண்டு இன்றைக்குச் சொல்கிறோம். அவையளுக்கு அது இரத்தத்தில் ஊறினது எண்டும் நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார் பெருகியது, சைக்கிள் வேகமாகக் குறைந்தது. 1954இல் ஆம்ஸ்டர்டாம் பொலிஸ் தலைவர் நகரத்தின் கால்வாய்களை நிரவி வீதியாக்கலாம் எண்டு ஒரு திட்டமே கொடுத்தார். இன்றைக்கு உல்லாசப் பயணிகள் படமெடுக்கும் அதே கால்வாய்களைத்தான்!

திரும்பல் எங்கே தொடங்கியது? 1971இல் நெதர்லாந்து வீதிகளில் 3,300 பேரளவில் செத்தார்கள். அதில் 400க்கு மேற்பட்டவர்கள் சிறுவர்கள். நாட்டின் சனத்தொகையோ 1 கோடி 30 இலட்சம்தான். 1972இல் விக் லாங்கென்ஹொஃப் எண்ட பத்திரிகையாளர், வீதி விபத்தில் தன் மகளைப் பறிகொடுத்தவர், பத்திரிகையில் கோபத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து "பிள்ளைக் கொலையை நிறுத்து" எண்டு பொருள்படும் பெயரில் ஒரு இயக்கம் உருவானது. பெற்றோரும் பிள்ளைகளும் வீதிக்கு இறங்கினார்கள். "விபத்து" எண்டு எல்லாரும் சொல்லிவந்ததை அவர்கள் "கொலை" எண்டு சொன்னார்கள். அந்த ஒரு சொல், பிழையைப் பிள்ளையின் கவனக்குறைவிலிருந்து எடுத்து வீதியை அமைத்தவர்களின் மேசையில் வைத்தது.

அடுத்த வருசம், 1973 ஒக்ரோபரில், அரபு நாடுகள் எண்ணெயை அரசியல் ஆயுதமாக்கின. இஸ்ரேலை ஆதரித்ததற்காக நெதர்லாந்துக்கும் எண்ணெய்த் தடை விழுந்தது. பிரதமர் யூப் டென் அய்ல் அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டது. நவம்பர் 4 முதலாவது ஞாயிறு. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் பிள்ளைகள் விளையாடினார்கள், சனம் சைக்கிளில் உலாப்போனது. ஒரு சில மாதங்களில் அந்தத் தடை முடிந்துவிட்டது. எங்கட 1990ஐ இதோடு ஒப்பிட முடியாது. அங்கே குண்டு விழவில்லை, மருந்துக்குத் தட்டுப்பாடு வரவில்லை. அதனாலேயே அந்த ஞாயிறுகள் பலருக்கு நல்ல ஞாபகமாக மிஞ்சின.

முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. 1975இல் சைக்கிளோட்டிகளின் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். ஆபத்தான சந்திகளை அடையாளம் காட்டி, நகரசபைகளோடு சண்டை பிடித்தார்கள். அதே காலத்தில் ஹேக், தில்பர்க் நகரங்களில் பரீட்சார்த்தமாகத் தனிச் சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. தனியே ஒரு பாதை போதாது, நகரம் முழுக்க வலைப்பின்னலாக இருந்தால்தான் சனம் பயன்படுத்தும் எண்டு பிறகு டெல்ஃப்ற் நகரத்தில் செய்து பார்த்தார்கள். பெற்றோல் எப்பவோ திரும்பி வந்துவிட்டது. ஆனால் கோபம் பெற்றோலோடு தீரவில்லை, ஏனெண்டால் அது பெற்றோலைப் பற்றின கோபமே இல்லை. இன்றைக்கு 1 கோடி 80 இலட்சம் அளவு சனத்தொகை இருந்தும் வருசத்துக்கு 700 பேரளவில்தான் அங்கே வீதியில் சாகிறார்கள். வாகனப் பாதுகாப்பு, வைத்திய வசதி எண்டு வேறு காரணங்களும் உண்டு. வீதி மாறினதும் அதில் ஒன்று.

இப்ப எங்கட கதை

2022க்குத் திரும்பி வருவோம். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அதுவும் கிடைத்தால்! ஜூன் 27இல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் எண்டு அறிவித்தார்கள். பிறகு கியூஆர் முறை வந்தது; மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நாடு முழுக்கச் சனம் சைக்கிளைத் தேடியது, அதன் விலையும் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவும் நடந்த அந்த மாதங்களில் யாழ் நகரத்தில் ஒரு சந்தியையாவது சைக்கிளுக்கு ஏற்றமாதிரி மாற்றுங்கோ எண்டு நாங்கள் சேர்ந்து நின்று கேட்டோமா? எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "எப்ப பெற்றோல் வரும்?" அந்த நேரத்தில் அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் கிடைத்ததும் கதை முடிந்துபோனது.

இலங்கையில் வருசத்துக்கு 2,000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் சாகிறார்கள். அவர்களில் பெரும்பகுதி மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும். எங்கட வயதுப் பெடியளின் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைச் சந்திகளில் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது. "பெடி வேகமா ஓடியிருக்கிறான்" எண்டு சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். நேரான காப்பெட் வீதி, கரையில் சைக்கிளுக்கோ நடந்து போகிறவருக்கோ ஒதுக்கின ஒரு அடி இடமில்லை, நிழலுக்கு நின்ற மரமும் போய்விட்டது. இதை ஆர் இப்படி அமைத்தது எண்டு கேட்கிறோமா?

யாழ்ப்பாணக் குடாநாடு நெதர்லாந்தைப் போலவே தட்டையான நிலம். திருநெல்வேலியிலிருந்து பட்டணத்துக்கு நாலு கிலோமீற்றர்கூட வராது. ஒழுங்கைகள் ஏற்கெனவே ஒரு வலைப்பின்னலாகத்தான் கிடக்கின்றன. சைக்கிள் ஓடத் தெரியாத ஆளைத் தேடிப்பிடிக்க வேணும். வெயில் ஒரு பிரச்சினைதான். அதற்கு மரம் வேணும். வெள்ளவாய்க்காலை மூடி ஒரு பாதை, பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை, பஸ் நிலையத்தில் பூட்டி வைக்க ஒரு இடம். மாநகரசபையிடமும் பிரதேச சபைகளிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்கக்கூடிய சாமான்கள்தான் இவை.

அம்மா தலைமுறையிடம் "நீங்கள் ஓடினீங்கள்தானே, இப்ப ஏன் ஏலாது?" எண்டு கேட்க எனக்கு மனம் வராது. அவையளுக்கு அது வேற சைக்கிள். ஆனால் தடையையும் சென்றிப் பொயின்ரையும் சைக்கிளில் கடக்காத முதலாவது தலைமுறை நாங்கள். விரும்பித் தெரிவுசெய்ய எங்களுக்கு முடியும். அடுத்த தட்டுப்பாடு வந்தால் சைக்கிள் தானாக வெளியில் வரும், அதற்கு ஒருவரும் கூட்டம் போடத் தேவையில்லை. அது திரும்பக் கோடிப்பக்கம் போகாமல் இருக்க வேணுமெண்டால், செட்டில் வரிசை இல்லாத இந்த நாட்களில்தான் வீதியைக் கேட்க வேணும்.