வணிகரும் பாராளுமன்றமும்: தோமஸ் பிட் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1796 பெப்ரவரியில் நீர்கொழும்பில் இறங்கிய ஆங்கிலப் படை, எமது முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் களனி கங்கையைக் கடந்து வந்தே ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. அன்று இங்கிலாந்தின் பிரதமராக விளங்கியவர் இளைய வில்லியம் பிட். அவர்தம் பாட்டனாரின் தந்தையாகிய தோமஸ் பிட் (1653–1726) என்னும் வணிகரே அக்குடும்பத்தின் செல்வத்திற்கு அடிகோலியவராவர்.

மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த தோமஸ் பிட், 1670களில் வங்காளக் கடற்கரையிலுள்ள பாலசோரை அடைந்தார். இந்திய வணிகத்தில் கிழக்கிந்தியக் கொம்பனி ஏகபோக உரிமை பெற்றிருந்த காலம் அது. அவ்வுரிமையைப் பொருட்படுத்தாது அவர் தனித்து வணிகம் நடத்தினார். கொம்பனி வழக்குத் தொடர்ந்தது. 1000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டுப் பின்னர் 400 ஆகக் குறைக்கப்பட்டது. எனினும், ஈட்டிய பொருள் அவரிடம் எஞ்சியிருந்தது. அதனைக் கொண்டு ஓல்ட் சேரம் என்னும் தொகுதியின் நிலவுரிமையை 1691இல் வாங்கினார். குடிகள் ஏறத்தாழ அற்றுப்போன அவ்விடம் பாராளுமன்றத்துக்கு இரு உறுப்பினரை அனுப்பும் உரிமையுடையதாயிருந்தது. நிலத்தை வாங்கியவர் ஆசனத்தையும் உடன் வாங்கியவரானார்.

அடக்கவியலாத அவரைக் கொம்பனி அணைத்துக்கொண்டது. 1698 முதல் 1709 வரை அவரே சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநர். ஏகபோகத்தை மீறியவர் அதன் காவலரானமை ஈண்டு நோக்கத்தக்கது. 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டபோது எதிர்த்து நின்று, முடிவிற் பணம் கொடுத்து விலக்கினார். 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் கொம்பனிக்குக் கிடைத்தன.

இப்பதவிக் காலத்திலேயே 410 கரட் வைரமொன்றை ஜம்சந்த் என்னும் வணிகரிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். பட்டை தீட்டப்பட்டு ஏறத்தாழ 140 கரட்டான அவ்வைரம், 1717இல் பிரான்சிய ஆட்சிப்பொறுப்பாளருக்குச் சுமார் 135,000 பவுணுக்கு விற்கப்பட்டது. அது இன்று பாரிஸ் லூவர் அரும்பொருளகத்தில் உள்ளது. அதனை அவர் முறைகேடாகப் பெற்றார் என்ற வதந்தி எழ, நேர்மையாகவே வாங்கியதாக எழுத்துமூலம் உறுதி கூறினார்.

தாயகம் திரும்பிய பிட் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். அவர் பேரன் மூத்த வில்லியம் பிட் 1735இல் அடியெடுத்து வைத்ததும் அதே ஓல்ட் சேரம் தொகுதியிலேயே. 1832இன் சீர்திருத்தச் சட்டமே அத்தொகுதியை ஒழித்தது.

தோமஸ் பிட்டின் துணிவையும் நிருவாகத் திறனையும் மறுத்தல் வரலாற்று நேர்மையாகாது. ஆயினும், அவ்வைரத்தை அகழ்ந்தெடுத்த தொழிலாளரின் பெயர்களுள் ஒன்றையேனும் வரலாறு பேணவில்லை. அவர்தம் உழைப்பின் பயன் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தியது. அப்பாராளுமன்றத்தின் அதிகாரமே, பின்னர் எமது கரைக்கும் படையோடு வந்தது. குடியேற்றவாத வரலாற்றைக் கற்போர், போர்களையும் உடன்படிக்கைகளையும் போலவே வணிகரின் கணக்கேடுகளையும் ஆராய்தல் வேண்டும்.